பென்னிகுவிக்: ஒரு குடும்பப் பெயர் நம் ஊர்ப் பெயரான கதை

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு ஊரையோ கோயிலையோ எடுக்காமல், ஒரு பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பென்னிகுவிக்.

நம் குடியிருப்பில் தேனி, கம்பம், சின்னமனூர் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினீயரின் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் அது பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரும்கூட. அபூர்வமான பெயர்தான், ஊருக்கு ஊர் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். ஆனாலும் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பெயர் வருகிறது. வாயில் எளிதில் நுழையாத ஒரு வெளிநாட்டுக் குடும்பப் பெயர், மதுரைக்கு மேற்கே பிள்ளைப் பெயராக எப்படி ஆனது என்பது சுவையான கதை.

குயில் குன்று

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுயிக் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே பின்னால் குடும்பப் பெயராயிற்று. ஊர்ப் பெயருக்கு அங்குள்ள பழைய கெல்ட்டிய மொழியில் பொருள் சொல்கிறார்கள். 'பென்' என்றால் தலை, குன்று. பின்பகுதி, 'குக்கூ' என்று கூவும் குயிலினப் பறவையைக் குறிக்கிறது. ஆக, குயில் குன்று. தமிழில் ஒரு ஊருக்கு இந்தப் பெயர் இருந்தால் நமக்கு வியப்பாகவே இருக்காது.

அந்த ஊர்க்காரர்கள் இதை 'பென்னிகுக்' என்பதுபோல உச்சரிக்கிறார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்த நாம் 'பென்னிகுவிக்' ஆக்கிக்கொண்டோம். பென்னிகுக், பென்னி குயிக், பென்னிக்குவிக் என்று எழுதுவோரும் உண்டு. வீட்டில் கூப்பிடும்போது வெறும் 'பென்னி'.

பெயருக்கு உரியவர்

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். 1849-இல் பஞ்சாபின் சிலியன்வாலாவில் சீக்கியர்களோடு நடந்த போரில் தந்தையும், பதினேழு வயது அண்ணனும் ஒரே நாளில் இறந்தார்கள். ஜானுக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. இங்கிலாந்தில் அடிஸ்கோம் ராணுவக் கல்லூரியில் படித்து, 1860-இல் சென்னை மாகாணத்துக்கு இன்ஜினீயராக வந்தார்.

மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருடையதல்ல. 1789-இலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, அந்த மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாமல் யோசனை நின்றது. 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி ஆய்வு செய்துவிட்டு, இது நடவாத காரியம் என்று எழுதினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சத்துக்குப் பிறகுதான் திட்டம் மறுபடி மேசைக்கு வந்தது. 1882-இல் அதை வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் தரப்பட்டது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887-இல் வேலை தொடங்கியது. காடு, யானை, மலேரியா, காட்டாற்று வெள்ளம். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மலேரியா கடுமையாகும் மாதங்களில் வேலையை நிறுத்தவேண்டியிருந்தது. சிமென்ட் கிடையாது, கருங்கல்லைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் இணைத்தார்கள். அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாக மலையைக் கடந்த நீர், வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் சேர்ந்தது. பேரணையிலிருந்து பெரியாறு கால்வாயில் மேலூர் வரை பாய்ந்தது. இன்று மதுரைக்காரர்கள் குடிக்கும் வைகைத் தண்ணீரிலும் பெரியாற்றுத் தண்ணீர் கலந்திருக்கிறது.

பேரன் என்றால் பெயரன்

'பேரன்' என்ற சொல் 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரோ குலதெய்வத்தின் பெயரோ வைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த இடத்தில் ஓர் இன்ஜினீயரின் பெயரை வைப்பதென்றால், அவரைத் தாத்தா ஸ்தானத்தில் வைத்தார்கள் என்று அர்த்தம். இருபோகம் விளைகிற வயலும், தென்னந்தோப்பும், திராட்சைப் பந்தலும் அந்தத் தண்ணீரால் வந்தவை என்று நம்புகிற வீட்டில் இது விசித்திரமே அல்ல. பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தைப்பொங்கலும் அதையொட்டியே வருவது நல்ல பொருத்தம். வீட்டுச் சுவரிலும் கடையிலும் அவர் படத்தை மாட்டி வைத்திருப்பார்கள்.

குடும்பப் பெயரைப் பிள்ளைப் பெயராக்குவது தமிழர்களுக்குப் பழக்கம்தான். காந்தி, நேரு, போஸ் மூன்றுமே குடும்பப் பெயர்கள். நாம்தான் அவற்றைத் தனிப்பெயராக்கினோம். இதில் 'நேரு' என்பது கால்வாயைக் குறிக்கும் 'நஹர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதுவும் ஒரு தண்ணீர்ப் பெயர்தான்.

பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும் இதற்கு முன் நடந்திருக்கிறது. சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ, கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் கலெக்டராக இருந்தவர். அங்கே 'மன்றோலப்பா' என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். மன்றோவுக்கு ஊர்வழக்கில் ஒரு 'அப்பா' சேர்ந்துகொண்டது. பென்னிகுவிக் எந்த விகுதியும் சேராமல் அப்படியே தங்கிவிட்டது.

பென்னிகுவிக் 1896-இல் இந்தியாவை விட்டுப் போய், 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார். பெயருக்குப் பொதுவெளியில் புது வெளிச்சம் விழுந்தது நம் காலத்தில்தான். 2011-இல் அணைப் பிரச்சினை சூடானபோது கம்பம் பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்தது. 2013 ஜனவரி 15 அன்று லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி புதிய பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர் வந்தது. 2022 செப்டம்பரில் கேம்பர்லியில் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது. அணைச் சர்ச்சைக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை.

சொத்தை விற்ற கதை

பென்னிகுவிக் பெயரைச் சொன்னதும் கூடவே ஒரு கதையும் வரும். அரசு பணம் தர மறுத்துவிட்டது; அவர் இங்கிலாந்து போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது கதை. மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் இதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

வேலை நடந்த முறையைப் பார்த்தால் சித்திரம் வேறாக இருக்கிறது. குத்தகை போட்டது அரசு. திட்டத்துக்கு ஒப்புதல் தந்து செலவழித்தது சென்னை மாகாண அரசு. பாசன வரி அதற்கு வருமானமாகத் திரும்பும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஒரு ராணுவ இன்ஜினீயரின் வீட்டுச் சொத்தால் கட்டிவிடக்கூடிய அளவல்ல அந்த அணை.

இதைச் சொல்வதால் அவர் மதிப்பு குறைந்துவிடாது. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக நடவாது என்று ஒதுக்கிய காரியத்தை, கணக்குப் போட்டு, மேலிடத்தை ஒப்புக்கொள்ள வைத்து, வெள்ளம் அடித்துப்போன பிறகும் விடாமல் முடித்தார். ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்க இந்தக் காரணமே போதும். நகை விற்ற கதை ஏன் பிறந்தது என்பதும் புரிகிறது. நம் மரபில் ஊருக்குக் குளம் வெட்டியவர் தன் கைப்பொருளைச் செலவழித்தவராக இருப்பார். நன்றி சொல்ல நமக்குத் தெரிந்த வழியில் அவருக்கும் ஒரு கதையைக் கட்டிக்கொண்டோம்.

பெயர் கிடைக்காதவர்கள்

இந்தப் பெயரைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விடக்கூடாதது ஒன்று இருக்கிறது. கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பு சுமந்தவர்கள், சுரங்கம் குடைந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். காலராவிலும் மலேரியாவிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அணைக்கு அருகிலேயே இடுகாடும் இருக்கிறது. அவர்கள் பெயரைப் பிள்ளைக்கு வைக்க ஆளில்லை. அந்தப் பெயர்களே நம்மிடம் வந்து சேரவில்லை. முதலில் யோசித்த முத்திருளப்ப பிள்ளையின் பெயரும் வரலாற்றுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

அதற்காகப் பென்னிகுவிக் என்று பெயர் வைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆயிரம் பேரை நினைக்க ஒரு பெயர்தான் வாயில் நிற்கிறது. அந்தப் பெயருள்ள பையனிடம் யாராவது "இதென்னப்பா பேரு?" என்று கேட்டால், அவன் அணையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அப்போது அந்த ஆயிரம் பேரையும் சேர்த்துச் சொன்னால் பெயர் முழுமையாகும்.

இன்னொரு வேடிக்கை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட் எடுக்கும்போது அதே அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்புகிறவர்கள் நம்மில் பலர். கம்பத்துப் பென்னிகுவிக்கின் மகள் நாளை வெளிநாடு போனால், அவள் பெயரின் கடைசியில் பென்னிகுவிக் என்று இருக்கும். ஸ்காட்லாந்திலிருந்து குடும்பப் பெயராகக் கிளம்பி, இங்கே பிள்ளைப் பெயராகி, மறுபடி குடும்பப் பெயராகவே விமானம் ஏறும்.

குமுளி, தேக்கடி போகிறவர்கள் மலையேறுவதற்கு முன் லோயர்கேம்ப் மணிமண்டபத்தில் ஒரு கால்மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம். நம் குடியிருப்பிலும் அபூர்வமான பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள். யார் வைத்தது, ஏன் வைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நாலு வரி எழுதித் தாருங்கள். அடுத்த இதழில் போடலாம். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.