மெய்நிகர் வழங்கிகளில் வலையமைப்பு வரம்புகள்

ஒரு கணினியைப் பல மெய்நிகர் வழங்கிகளாகப் பிரித்து வாடகைக்கு விடும்போது, ஒவ்வொன்றும் எத்தனை இணைப்புகள் வைத்திருக்கலாம், நொடிக்கு எத்தனை தரவுப் பொதிகள் அனுப்பலாம் என்பதற்கு உச்ச அளவு விதிக்கப்படுகிறது. செயலியும் நினைவகமும் ஓய்வாக இருக்கையில் தளம் மட்டும் திறக்க மறுத்தால், சந்தேகம் முதலில் இந்த வரம்புகள் மேல்தான் விழவேண்டும்.

இலங்கையில் இந்த நெருக்கடிக்குப் பொருத்தமான உதாரணம் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாள். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு அண்மை ஆண்டுகளில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்திருக்கிறார்கள். பெறுபேறு இணையத்தில் வந்ததும் கொழும்பிலும், வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்திலும் ஒரே வேளையில் சுட்டெண்கள் தட்டப்படுகின்றன. பக்கம் வராவிட்டால் திரும்பவும் தட்டுவார்கள். சுமை அப்படியே பெருகும்.

முதலில் வழங்கிக்கு உள்ளேயே இருக்கும் வரம்புகள். லினக்ஸ் வழங்கியில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகவே கணக்கிடப்படும். பல நிறுவல்களில் ஒரு செயல்முறைக்கான தொடக்க வரம்பு 1024 மட்டுமே.

அடுத்தது, தீச்சுவர் ஒவ்வொரு இணைப்பையும் பதிந்துவைக்கும் தடமறி அட்டவணை. அது நிரம்பினால் உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் சீராக ஓடும், புதிதாக வருபவர்களின் பொதிகள் கைவிடப்படும். இதனாலேயே பராமரிப்பாளர் தன் திரையில் கோளாறு எதையும் காணாமல் ஏமாறுகிறார். நிலைபெற்ற இணைப்பு ஒன்று மௌனமாகிவிட்டாலும் அதன் பதிவை லினக்ஸ் இயல்பாக 4,32,000 நொடிகள், அதாவது 5 நாட்கள், வைத்திருக்கும். அதைக் குறைத்தாலே அட்டவணையில் நிறைய இடம் மீளும்.

தரவுத்தளம் வேறு கணினியில் இருந்தால் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரை 28,232 போர்ட்டுகளே கிடைக்கும். வழங்கி தானே மூடிய இணைப்பின் போர்ட் 60 நொடி காத்திருப்பில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்பு திறக்கும் மென்பொருள், ஒரே தரவுத்தளத்தை நோக்கி நொடிக்கு ஏறக்குறைய 470 இணைப்புகளைத் தாண்டும்போது திணறத் தொடங்கும். திறந்த இணைப்புகளைச் சேர்த்துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே இதற்கு நேர்த்தியான தீர்வு.

வாடகை தருபவர் விதிக்கும் வரம்புகளைப் பயனர் மாற்ற முடியாது. ஆனால் அளந்து பார்க்கலாம். பழைய ஓப்பன்விஇசட் வழங்கிகளில் 'யூசர் பீன்கவுண்டர்ஸ்' என்ற கோப்பின் கடைசி நிரல், மறுக்கப்பட்ட கோரிக்கைகளை எண்ணிக் காட்டும். அது தொடக்கத்திலிருந்து சேரும் கூட்டுத்தொகை என்பதால், நெருக்கடி வேளையில் அந்த எண் ஏறுகிறதா என்பதையே கவனிக்கவேண்டும். அமேசானின் புதிய வகை வழங்கிகளில் அலைவரிசை, பொதி எண்ணிக்கை, இணைப்புத் தடமறிதல் ஆகிய வரம்புகள் மீறப்பட்டதை 'ஈத்டூல்' கட்டளை தனித்தனியே சொல்லும். எது மீறப்பட்டது என்று பார்க்காமல் பெரிய வழங்கிக்குப் பணம் கட்டுவது வீண்செலவாகலாம்.

பெறுபேறு நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. ஆகவே பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி, பல இடங்களில் பிரதிவைத்து வழங்கலாம். தரவுத்தளத்தைத் தொடவே தேவையில்லை. குறுஞ்செய்திச் சேவையும் சுமையைப் பகிர்கிறது. பொதுச் சேவைத் தளங்களை நடத்துவோர் இந்த வரம்புகளைப் பெறுபேற்று நாளுக்கு முன்பே சோதித்துவைக்க வேண்டும். பூவரசங்குளத்து மாணவி தட்டும் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் அவள் வீட்டாரின் டேட்டாவே கரைகிறது.