இணையச் சேவைக் கட்டமைப்புகள்

ஒரு நிறுவனத்தின் கணினி இன்னொரு நிறுவனத்தின் கணினியிடம் இணையம் வழியாகக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாடு இணையச் சேவை எனப்படும். அந்தக் கேள்வியை எந்த வடிவில் கேட்பது என்பதற்குக் கால் நூற்றாண்டாகப் பல பாணிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் நிலைக்க வைத்தது, வாசலில் வந்து நிற்கும் ஆள் யார் என்பதே.

அப்பாணிகளில் ஒன்றான சோப், 1998இல் மைக்ரோசாஃப்டுக்காக டேவ் வைனர், டான் பாக்ஸ் உள்ளிட்ட நால்வர் வடிவமைத்தது. பதிவுத் தபால் போல அது நடந்துகொள்ளும். ஒரு புத்தகத்தின் விலையைக் கேட்பதற்கும் எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் உறை எழுதி, தேவைப்பட்டால் தலைப்பு சேர்த்து, உள்ளே கேள்வியை வைக்க வேண்டும். என்னென்ன கேட்கலாம் என்பதை விவரிக்கும் ஒப்பந்த ஆவணமும் பெரும்பாலும் கூடவே வரும். இந்தக் கெடுபிடி வீண் அல்ல. செய்தியை அனுப்பியது யார், நடுவழியில் எவரேனும் திருத்தினார்களா என்று சரிபார்க்க வேண்டிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதனால்தான் சோப்பை நெடுங்காலம் விடவில்லை.

2000ஆம் ஆண்டு ராய் ஃபீல்டிங் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற பெயர் வந்தது. அவர் வலையில் தகவல் பரிமாற உதவும் எச்டிடிபி 1.1 நெறிமுறையை எழுதியவர்களில் ஒருவர். வலை இவ்வளவு பெருத்தும் ஏன் உடையவில்லை என்ற கேள்விக்கு அவர் கண்ட விடைதான் ரெஸ்ட். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. சேவையகம் முந்தைய உரையாடலை நினைவில் சுமக்காது. பதிலை வழியில் சேமித்து வைத்து, அடுத்து கேட்பவருக்கும் கொடுக்கலாம். சேவையகச் செலவு அங்கேயே குறைகிறது.

இரண்டும் நேருக்கு நேர் மோதியது அமேசானில். 2002 ஜூலையில் அந்நிறுவனம் தன் பொருள் பட்டியலை வெளியாருக்குத் திறந்துவிட்டபோது இரு வழிகளையும் வைத்தது. ரெஸ்ட் எனப்பட்ட வழியில் உலாவியின் முகவரிப் பட்டையில் ஒரு வரியைத் தட்டினால் போதும், புத்தகத்தின் பெயரும் விலையும் எக்ஸ்எம்எல்லாக வந்து விழும். ஃபீல்டிங்கின் இலக்கணப்படி அது முழு ரெஸ்ட் அல்லதான். ஆனால் சிறு தளம் நடத்திய ஒருவர் எந்தக் கருவியும் வாங்காமல் ஒரே மாலையில் அமேசான் புத்தகங்களைத் தன் பக்கத்தில் அடுக்கி, விற்பனைக்குத் தரகு பெற முடிந்தது. பயன்பாட்டில் 85 விழுக்காடு அந்த எளிய வழியில்தான் நடக்கிறது என்று 2003இல் பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி எழுதினார். கூகுளும் 2002இல் தொடங்கிய தன் சோப் தேடல் சேவைக்குப் புதிய அனுமதி கொடுப்பதை 2006 டிசம்பரில் நிறுத்தியது.

கைப்பேசி வந்ததும் ரெஸ்டின் குறையும் தெரிந்தது. ஒரு திரையை நிரப்பப் பல முகவரிகளுக்கு ஓட வேண்டும், வருவதில் பாதி தேவைப்படாது. ஃபேஸ்புக் 2012இல் தன் ஐபோன் செயலிக்காக கிராஃப்கியூஎல்லை உருவாக்கி, 2015இல் பொதுவில் வைத்தது. வேண்டிய விவரங்களை மட்டும் ஒரே கேள்வியில் கேட்கலாம். பதிலை வழியில் சேமிக்கும் வசதி மட்டும் அதில் எளிதாகக் கிடைப்பதில்லை. நிறுவனத்துக்குள் சேவைகள் தம்முள் பேசிக்கொள்ள கூகுள் 2015இல் ஜிஆர்பிசியை வெளியிட்டது.

இந்தியாவில் 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ என்ற பணப் பரிமாற்ற முறை, சோப், ரெஸ்ட் இரண்டின் பழக்கங்களையும் சேர்த்துக்கொண்டது. எச்டிடிபிஎஸ் முகவரிகளுக்கு மின் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல் செய்தி போகிறது. ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை உடனே திரும்ப, பணம் சேர்ந்ததா என்ற பதில் தனிச் செய்தியாகப் பின்னால் வருகிறது.