ரப்பர் விலையும் பட்ட மேற்படிப்பும்



விடியுமுன் பெரட்டுக்குப் போய், அதே மரத்தை அதே கத்தியால் வெட்டி, அதே அளவு பால் கொண்டுவந்த தொழிலாளிக்கு ஒரு காலத்தில் கூலி குறைந்தது. மரமும் மாறவில்லை, வெட்டிய கையும் மாறவில்லை. பின் எது மாறியது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடும் கல்வியே வேளாண் பொருளியல்.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. 1922-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதி செய்யும் ரப்பருக்கு அளவு கட்டப்பட்டது. விலை ஏறியது. ஆனால், டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் இத்திட்டத்தில் சேரவில்லை. விலை ஏற ஏற, அங்கே ரப்பர் பெருகியது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. அதையடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கூலி குறைந்தது, பல்லாயிரம் தொழிலாளர்கள் தமிழகத்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்.

1934-இல் பல நாடுகள் சேர்ந்து மீண்டும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் பலன் யாருக்குப் போயிற்று? பீட்டர் பவர் என்ற பொருளியல் அறிஞர் 1946-இல் மலாயாவுக்கு வந்து, சிறுதோட்டங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். சிறுதோட்டக்காரர்களின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டதால், அவர்களுக்குரிய பங்கும் குறைந்துபோனது என்று எடுத்துக்காட்டினார். 1948-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதிகாரிகளின் ஏட்டில் இருந்த கணக்கே தவறாகலாம் என்பதை அது காட்டியது.

பட்ட மேற்படிப்பின் பயனும் இதுவே. முதல் பட்டத்தில் பிறர் கண்டறிந்ததைப் பெரும்பாலும் கற்கிறோம். முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் மாணவர் தாமே ஒரு கேள்வியை எழுப்பி, தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய், விவரம் திரட்டி, சரிபார்த்து விடை சொல்ல வேண்டும்.

இதற்கான வாய்ப்பு நம் நாட்டில் படிப்படியாக வளர்ந்தது. செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளி தொடங்கியது; 1947-இல் அது கல்லூரியானது. 1971-இல் அக்கல்லூரியும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயத் துறையும் இணைந்து, மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1997-இல் அது புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. அங்கே வேளாண் பொருளியலை முனைவர் பட்டம் வரை படிக்க வழி ஏற்பட்டது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பால் வெட்டப் போன பிள்ளைக்கு இந்தப் பாதை எட்டாத தூரமாக இருந்தது. ஆனால், அதன் தேவை நம் வீட்டு வாசலிலேயே இருந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் செய்த ஒப்பந்தங்களில், ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கியது. பேச்சுவார்த்தை மேசையில் குரல் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

பெற்றோர்களே, பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அவர்கள் கேட்கட்டும். பிறர் ஏட்டில் எண்ணிக்கையாக இருந்தவர்களின் பிள்ளைகள், நாளை அந்த ஏட்டைச் சரிபார்ப்பவர்கள் ஆகட்டும்.