இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய்: பிளவு விசைப்பலகையும் தமிழும்

இந்த முறை எடுத்துக்கொண்ட விஷயம் விசைப்பலகை, அதாவது கீபோர்டு. அதிலும் நடுவில் பிளந்து, இடக்கைக்கு ஒரு துண்டு, வலக்கைக்கு ஒரு துண்டு என்று தள்ளித் தள்ளி வைத்துக்கொள்ளும் விசைப்பலகை. சுவிட்ச், சர்க்யூட் போர்டு, மைக்ரோகன்ட்ரோலர் எல்லாம் தனித்தனியாக வாங்கி, சால்டரிங் வைத்து இதைத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம் பக்கத்திலும் ஆசைப்படுபவர்கள் உண்டு. ஆனால் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதில் எந்த மொழியை அடிக்கப் போகிறோம்?

ஏன் பிளக்க வேண்டும்?

அமெரிக்காவில் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நீளமான நெம்புகோல். அவை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் போக வேண்டும் என்பதற்காக வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். இன்று நெம்புகோல் போய்விட்டது. ஆனால் அந்தக் கோணல் மட்டும் நம் லேப்டாப்பில் அப்படியே இருக்கிறது!

இரண்டு கையையும் குறுகிய பலகை ஒன்றில் வைத்தால் மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைகிறது. நாள் முழுக்க அடிப்பவர்களுக்கு இது வலியாக மாறும். ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் 1926-லேயே பலகையை இரண்டு பாதியாக்கிச் சாய்த்து வைக்கலாம் என்று எழுதினார். கார்ல் குரோமர் இதைச் சோதனை செய்து 1972-இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டனில் தட்டச்சுப் பயிற்சி அளித்துவந்த லிலியன் மால்ட், ஸ்டீபன் ஹாப்டே என்பவரோடு சேர்ந்து 1970-களில் மால்ட்ரான் பலகையை உருவாக்கினார். 1994-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இந்த வழியில் ஒரு விசைப்பலகையை விற்கத் தொடங்கியது.

இவர்கள் அனைவரும் பலகையைப் பிளந்தார்கள். தமிழில் நடந்தது வேறு மாதிரி. பலகையைத் தொடாமல் வேலையைப் பிளந்தார்கள்.

முத்தையாவின் தட்டச்சு

முதலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஆர். முத்தையா 1886-இல் சுண்டிக்குளியில் பிறந்தவர். இளவயதில் மலாயா பக்கம் வேலைக்குப் போனார். 247 எழுத்துகளை ஓர் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்பதுதான் அவர் முன்னால் இருந்த சிக்கல். அவர் கையாண்ட வழி "நகரா விசை". சாதாரண விசையை அடித்தால் தாள் ஓர் இடம் நகரும். நகரா விசையை அடித்தால் நகராது. ஆகவே முதலில் புள்ளியை அடித்து, அதே இடத்தில் க அடித்தால் க் வந்துவிடும். இப்படி ஒவ்வொரு மெய்க்கும் தனி விசை வைக்க வேண்டிய தேவை நீங்கியது. அவருடைய அமைப்போடு ஜெர்மனியில் செய்யப்பட்ட பொறிகள் விற்பனைக்கு வந்தன. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள்.

நம் ஊர்ப் பயிலகங்களில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் படித்தவர்களைக் கேளுங்கள். "யளனகபக" என்று முதல் பாடத்தை இன்றும் ஒப்பிப்பார்கள். இடக்கை விரல்களுக்கான பாடம் அது. ய, ள, ன, க, ப இடக்கையில். த, ம, ட வலக்கையில். மெய்யெழுத்துகள் இரண்டு பக்கமும் கலந்து கிடக்கும்.

1999

கணினி வந்த பிறகு ஆளுக்கொரு விசைப்பலகை என்றாகிவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு இதற்கு ஒரு பொது அமைப்பைத் தேடியது. சிங்கப்பூரில் விரிவுரையாளராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி உருவாக்கிய அமைப்பு அடித்தளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்படி வந்ததுதான் தமிழ்99. அதே ஆண்டில் கோவிந்தசாமி காலமானார்.

இந்த அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடும். (கிரந்த எழுத்துகள் தனி.) உயிரெல்லாம் இடக்கைப் பக்கம். குறில் நடு வரிசையில், அதன் நெடில் நேர் மேலே: அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ. (ஒ, ஓ மட்டும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில்.) புள்ளி இடது ஆள்காட்டி விரலுக்கு. வ, ங இரண்டைத் தவிர மெய்யெல்லாம் வலக்கைக்கு. க அடித்து இ அடித்தால் கி. வலம், இடம், வலம், இடம் என்று மாறி மாறிப் போகும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு போல.

ஊர்ப் பெயர்களை வைத்து ஒரு சோதனை

சரி, உண்மையிலேயே அப்படித்தானா? நம் ஊர்ப் பெயர்களை வைத்து எண்ணிப் பார்த்தேன்.

தேனி: த, ஏ, ன, இ. 4 தட்டு. வலம் 2, இடம் 2.
போடி: ப, ஓ, ட, இ. 4 தட்டு. இதுவும் 2, 2.
கம்பம்: க, ம, ப, ம, புள்ளி. 5 தட்டு. வலம் 4, இடம் 1.
சின்னமனூர்: 9 தட்டு. வலம் 6, இடம் 3.
உத்தமபாளையம்: 12 தட்டு. வலம் 7, இடம் 5.

மொத்தம் 34 தட்டில் வலக்கைக்கு 21, இடக்கைக்கு 13. தேனியும் போடியும் அச்சு அசலாக மாறி மாறிப் போகின்றன. கம்பத்தில் மட்டும் வலது மாடு தனியாக இழுக்கிறது! காரணம், க என்று அடித்தாலே அதில் அகரம் இருக்கிறது. தனியாக அ அடிக்க வேண்டாம். தட்டு மிச்சம், ஆனால் வலக்கைக்குச் சுமை.

இன்னொன்றும் கவனித்தேன். கம்பத்தில் ம, ப என்று தொடர்ந்து அடித்தால் ம்ப என்று தானாகவே புள்ளி விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ன்ற எல்லாம் அப்படித்தான். சின்னமனூரில் வரும் ன்ன போல ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தாலும் முதலாவதற்குப் புள்ளி வரும். தமிழில் எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் வரும் என்று தெரிந்தவர்கள் போட்ட விதி. ஆனால் உத்தமபாளையத்தில் ம-வுக்கும் ப-வுக்கும் நடுவே அ அடிக்காவிட்டால் "உத்தம்பாளையம்" ஆகிவிடும். விதி இருந்தால் விலக்கும் உண்டு.

செய்யப் போகிறவர்களுக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கையால் செய்யும் பிளவுப் பலகைகளில் பிரபலமான ஒரு வகைக்கு 42 விசை. கைக்கு 3 வரிசை, 6 பத்தி, கட்டைவிரலுக்கு 3. ஆங்கிலத்துக்கு இது தாராளம். ஆனால் தமிழ்99-இல் வலக்கை மேல் வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ என்று ஏழு எழுத்து. அந்தப் பலகையில் ச-வும் ஞ-வும் இருக்க வேண்டிய அடைப்புக்குறி விசைகள் வேறு அடுக்குக்குள் போய்விடும். சின்னமனூரின் முதல் எழுத்தே அடிக்க முடியாமல் நிற்கும்!

இதற்கு வழி இருக்கிறது. கியூஎம்கே போன்ற இலவச மென்பொருளில் எந்த விசை எதை அனுப்ப வேண்டும் என்பதை நாமே மாற்றலாம். அழிக்கும் விசையைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டு, ஆறாவது பத்தியில் ச வைக்கலாம். ஞ-வை இன்னொரு கட்டைவிரல் விசையில் வைக்கலாம். புதிதாக வரைகிறவர் என்றால் வலப்பக்கம் ஏழு பத்தி, இடப்பக்கம் ஐந்து என்றே வரையலாம். இரண்டு பாதியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு காலத்தில் இ-கலப்பையை நிறுவித் தமிழ்99 பழகியவர்கள் பலர். 2019-இல் விண்டோஸ் 10-லும் இது சேர்ந்தது. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தமிழை வரவழைக்கிறோம். த என்ற ஓர் எழுத்துக்கு டி, எச், ஏ என்று மூன்று தட்டு. அப்படி அடிக்கும்போது எவ்வளவு நல்ல பிளவுப் பலகை செய்தாலும் நம் கைகள் ஆங்கிலத்துக்கு வைத்த இடங்களில்தான் அலைந்துகொண்டிருக்கும்.

மணிக்கட்டைக் காப்பாற்றப் பலகையைப் பிளக்கலாம், நல்லதுதான். அதற்கு முன் ஒரு தாளில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதி, எந்தக் கைக்கு எத்தனை தட்டு என்று எண்ணிப் பாருங்கள். பிறகு சால்டரிங் இரும்பைச் சூடாக்கலாம்.