அறுவை சிகிச்சைக்கு முன் மூக்குத்தி, தோடு கழற்றப்படுவது ஏன்? மீண்டும் அணிவது எப்போது?

கொச்சி: கேரளத்தின் கொச்சியில் உள்ள தோப்பும்படி, மட்டாஞ்சேரி பகுதிகளில் மலையாளிகளுடன் தமிழர், கொங்கணியர், குஜராத்தியர் எனப் பல சமூகத்தினரும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். காது குத்துவதும் மூக்கு குத்துவதும் இவர்களில் பலரது குடும்ப வழக்கம். இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது, அணிகள் அனைத்தையும் கழற்றி வருமாறு மருத்துவமனைகள் அறிவுறுத்துகின்றன. பல ஆண்டுகளாகக் கழற்றப்படாத மூக்குத்தியை அணிந்திருக்கும் முதிய பெண்களுக்கு இது உடலளவிலும் மனத்தளவிலும் எளிதன்று.

கழற்றச் சொல்வதன் காரணங்கள்

முதன்மையான காரணம் மூச்சுப்பாதையின் பாதுகாப்பு. முழு மயக்கம் கொடுக்கும்போது வாய் அல்லது மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தப்படுகிறது. அப்போது நாக்கு, உதடு, மூக்கு ஆகியவற்றில் உள்ள அணி குழாயில் சிக்கித் தசையைக் கிழிக்கக்கூடும். கழன்று விழுந்தால் நுரையீரலுக்குள் சென்றுவிடும் அபாயமும் உண்டு.

இரண்டாவது காரணம் மின்சாரம். இரத்தக் கசிவை நிறுத்தவும் திசுக்களை வெட்டவும் டயதெர்மி எனப்படும் மின்கருவி பயன்படுத்தப்படுகிறது. மின்னோட்டம் உலோக அணி வழியாகப் பாய்ந்தால் அவ்விடத்தில் தோல் தீய்ந்து போகலாம். நவீன கருவிகளில் இந்த அபாயம் வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும், வெட்டும் இடத்திற்கு அருகில் உலோகம் இருப்பதை மருத்துவர்கள் தவிர்க்கின்றனர்.

குப்புறப் படுக்க வைத்துச் செய்யப்படும் சிகிச்சைகளில் அணி அழுந்திப் புண்ணாகலாம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களில் நிழல் விழலாம். உடல் வீங்கினால் விரலிலுள்ள மோதிரமும் மெட்டியும் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கலாம். துளையைச் சுற்றித் தங்கும் கிருமிகளும் கவலைக்குரியவை.

எப்போது, எப்படிக் கழற்றுவது?

அறுவை சிகிச்சை அரங்கின் வாசலில் அவசரமாகக் கழற்ற முயல்வதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். சிகிச்சை நாள் உறுதியானதும், சில நாட்களுக்கு முன்பே வீட்டில் கழற்றிப் பார்ப்பது நல்லது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சோப்பு நுரை தடவினால் இறுகிய திருகாணி பெரும்பாலும் இளகிவிடும். வராவிட்டால் பலவந்தமாக இழுக்காமல், பொற்கொல்லரையோ மருத்துவமனையையோ அணுக வேண்டும்.

துளை தூர்ந்துவிடும் என்ற அச்சத்தில் ஈர்க்குச்சி, நூல் போன்றவற்றைச் செருகி வைப்பது கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும். பல ஆண்டுகளான துளை சில மணி நேரத்தில் மூடுவது அரிது. புதிய துளையோ விரைவில் சுருங்கும். தேவைப்பட்டால், உலோகமற்ற பிளாஸ்டிக் தாங்கியைப் பயன்படுத்தலாமா என மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். ஆனால் வாய்ப்பகுதியில் அதுவும் ஏற்கத்தக்கதன்று.

காது மடல் துளை ஆற பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும். மூக்கு, காதுக் குருத்தெலும்பு, தொப்புள் ஆகியவற்றுக்குப் பல மாதங்கள் தேவை. எனவே, திட்டமிட்ட சிகிச்சைக்கு முந்தைய மாதங்களில் புதிதாகக் குத்திக்கொள்வதைத் தவிர்க்கலாம். துளையில் சீழ், சிவப்பு, வலி இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

நம்பிக்கையும் உணர்வும்

மூக்குத்தி வெறும் அலங்காரம் அன்று என்பதை நீதிமன்றமும் ஏற்றுள்ளது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பள்ளியில் மூக்குத்தி அணிந்த தென்னிந்திய வம்சாவளி மாணவிக்கு ஆதரவாக, அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பள்ளி விதிக்கும் அறுவை அரங்க விதிக்கும் வேறுபாடு உண்டு. இங்கு கேள்வி நோயாளியின் உயிர் பற்றியது. ஆயினும் தாலி போன்றவற்றைக் கழற்றத் தயங்குவோர், அதனை முன்னரே செவிலியரிடம் தெரிவிக்கலாம். சிகிச்சை நடக்கும் இடத்திற்குத் தொலைவில் இருப்பின், சில மருத்துவமனைகள் பட்டை ஒட்டி அனுமதிப்பதுண்டு. இறுதி முடிவு மருத்துவக் குழுவினுடையது.

மீண்டும் அணிதல்

முழுமையாக நினைவு திரும்பி, முகத்தில் வீக்கம் வடிந்த பின்னரே மூக்குத்தியும் தோடும் அணியலாம். அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவிருந்தால் காத்திருப்பது நல்லது. லேப்ராஸ்கோப்பி சிகிச்சையில் தொப்புள் அருகே வெட்டப்படுவதால், அந்தக் காயம் முற்றிலும் ஆறி மருத்துவர் அனுமதிக்கும் வரை அங்கு எதையும் அணியக் கூடாது.

கைகளைக் கழுவி, அணியையும் சுத்தம் செய்து, மெதுவாகச் செருக வேண்டும். உள்ளே செல்லாவிட்டால் அழுத்தக் கூடாது. துளை மூடியிருந்தால், உடல் தேறிய பின் மறுபடியும் குத்திக்கொள்ளலாம். அணிந்தபின் வீக்கம், சீழ், காய்ச்சல் தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது பாதுகாப்பானது. மருத்துவமனையில் கழற்ற நேர்ந்தால், எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். அவசர சிகிச்சையில் கழற்ற நேரமில்லாவிட்டால், எந்தெந்த இடத்தில் அணி உள்ளது என்பதை உடன் வந்தவர்கள் மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். வெளியில் தெரியாத இடத்தில் உள்ள அணிகளுக்கும் இது பொருந்தும்.