தனியாட்டமும் குழுவாட்டமும்: தொழில்முறை மின்விளையாட்டில் பெண்கள்

மின்விளையாட்டு எனப்படும் இ-ஸ்போர்ட்ஸில் தோள்வலிமையோ ஓட்ட வேகமோ வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. பெரிய தொடர்களில் பெரும்பாலானவற்றின் விதிகளும் இருபாலருக்கும் பொதுவானவையே. ஆயினும் உச்சநிலைப் போட்டிகளில் ஆடிய பெண்கள் மிகச் சிலர். அந்தச் சிலருடைய வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. தனியாக மோதும் ஆட்டங்களில் பெண்கள் பட்டம் வரை சென்றிருக்கிறார்கள். ஐவர், அறுவர் சேர்ந்தாடும் ஆட்டங்களில் அணிக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்திருக்கிறது.

தொடக்க காலம்

1996இல் வெளியான ‘குவேக்’ துப்பாக்கிச் சண்டை ஆட்டம் இணையவழி மோதலைப் பரவலாக்கியது. 1997இல் அமெரிக்காவின் ஸ்டீவி கேஸ், அந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஜான் ரொமேரோவை நேருக்கு நேர் வென்று, தொழில்முறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவரானார். ஆனால் ஊடகங்கள் அவருடைய ஆட்டத்துக்கு நிகராகத் தோற்றத்தையும் பேசின. யூபிசாஃப்ட் நிறுவனம் 2004இல் அமைத்த ‘ஃபிராக் டால்ஸ்’ பெண்கள் அணி, போட்டிகளில் ஆடியதோடு நிறுவனத்தின் விளம்பர முகமாகவும் இயங்கியது. ஆட்டக்காரராக இருப்பதும் காட்சிப்பொருளாக இருப்பதும் அக்காலத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

தென்கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ தொலைக்காட்சி விளையாட்டாகவே வளர்ந்தது. அங்கே எஸ்டிஎக்ஸ் சோல் அணிக்காக ஆடிய சோ ஜி-சூ, பெண்கள் போட்டிகளில் முன்னணியில் திகழ்ந்தார். ஆண்கள் நிறைந்த முதன்மைத் தொடர்களில் நிலைபெற இயலாமலேயே 2012இல் ஓய்வு பெற்றார்.

2014ஆம் ஆண்டுச் சர்ச்சை

பிரிவினை வெளிப்படையான விதியாகவே இருந்த நிகழ்வும் உண்டு. பன்னாட்டு மின்விளையாட்டுக் கூட்டமைப்பு 2014இல் பாக்கு நகரில் நடத்தவிருந்த உலகப் போட்டியில் ‘ஹார்த்ஸ்டோன்’ சீட்டாட்டம் ஆண்களுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டது. பின்லாந்தின் தகுதிச் சுற்றில் இந்த விதி வெளிவந்ததும் கண்டனம் எழுந்தது. சதுரங்கத்திலும் பெண்களுக்குத் தனிப் போட்டிகள் உண்டு என்று கூட்டமைப்பு முதலில் விளக்கம் தந்தது. ஆனால் சதுரங்கத்தில் பொதுப் பிரிவு பெண்களுக்கும் திறந்தது என்ற வேறுபாடு சுட்டிக்காட்டப்பட்டது. சில நாள்களிலேயே விதி மாறியது: பொதுப் பிரிவு அனைவருக்கும், கூடுதலாகப் பெண்கள் பிரிவு ஒன்று.

தனியாட்டத்தின் வெற்றிகள்

2018 பிப்ரவரியில், குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டிப் பியோங்சாங்கில் நடந்த ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ போட்டியின் இறுதியில், கனடாவின் சாஷா ஹோஸ்டின் (ஸ்கார்லெட்) இருமுறை உலக வாகையரான கிம் யூ-ஜினை 4–1 என வென்றார். 2019 நவம்பரில், சீனாவின் லி சியாவ்மெங் ‘ஹார்த்ஸ்டோன்’ உலக இறுதியை 3–0 என முடித்து, பிளிஸ்கான் விழாவில் உலகப் பட்டம் வென்ற முதல் பெண்ணானார். இரண்டு ஆட்டங்களிலும் திறந்த தகுதிச் சுற்றுகளும் இணையத் தரவரிசையும் மேலே செல்ல வழி தந்தன. அணியில் சேர்த்துக்கொள்ளும்படி எவருடைய தயவையும் நாட வேண்டியிருக்கவில்லை.

குழுவாட்டத்தின் தடைகள்

குழுவாட்டத்தில் நிலைமை வேறு. பயிற்சி மோதல், அணித் தேர்வு, ஓயாத குரல்வழி உரையாடல் ஆகிய ஒவ்வொன்றும் பிறர் ஏற்பைச் சார்ந்தவை. ‘ஹேலோ 3’ ஆட்டத்தில் பெண் குரல், ஆண் குரல், மௌனம் ஆகியவற்றை ஒப்பிட்டுக் குஸ்னெகாஃபும் ரோஸும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெண் குரலுக்கு ஆண் குரலைப் போல் மூன்று மடங்கு எதிர்மறைப் பேச்சு வந்தது. அதே ஆட்டத்தை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மோசமாக ஆடிய ஆண்களே பெண் குரலிடம் கூடுதல் பகைமை காட்டினர் என்று கண்டது. குரலே பயிற்சிக் கருவியாக உள்ள இடத்தில் குரலை மறைப்பது தேர்ச்சியையும் இழப்பதாகும்.

மரியா கிரெவ்லிங் 2016இல் ரெனிகேட்ஸ் அணிக்காக ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ வட அமெரிக்க முதன்மைத் தொடரில் ஆடிய முதல் பெண் ஆனார். இணைய வசைகளுக்கு இடையே ஆடிய அவர், மனப்பதற்றத்தைக் காரணம் காட்டிச் சில வாரங்களில் விலகினார். அதே ஆண்டில் ‘ஓவர்வாட்ச்’ ஆட்டத்தில் கொரியாவின் கிம் சே-யோன் (கெகுரி) மோசடி மென்பொருள் பயன்படுத்தியதாகப் பழி சுமத்தப்பட்டார். கேமராக்களுக்கு முன் நேரலையில் ஆடிக் காட்டித் தம் திறமையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. 2018இல் ஷாங்காய் டிராகன்ஸில் சேர்ந்து ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் வீரரானார்.

2019இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ரஷ்யத் தொடரில் வாயெவிக்டிஸ் நிறுவனம் முழுப் பெண்கள் அணியை இறக்கியபோது, எதிரணிகள் துணைநிலைப் பாத்திரங்கள் ஐந்தைத் தடைசெய்தன. பெண்களுக்கு அப்பாத்திரங்கள்தாம் ஆட வரும் என்ற ஏளனம் அது. ஆட்டத்தின் உரிமை நிறுவனமான ரயட் கேம்ஸ் அந்த எதிரணிகளை எச்சரித்தது. போதிய முன்தயாரிப்பின்றி முதன்மைத் தொடரில் நிறுத்தப்பட்ட அந்த அணி தொடர்ந்து தோற்றது; பெண்களால் முடியாது என்போருக்கு அதுவே சான்றாயிற்று.

தனி லீக்குகள்

இப்பின்னணியில்தான் 2021இல் பெண்களுக்கான ‘வாலரன்ட் கேம் சேஞ்சர்ஸ்’ தொடர் தொடங்கியது. 2022 நவம்பரில் பெர்லினில் நடந்த அதன் முதல் உலக இறுதியை ஜி2 கோசன் அணி வென்றது. ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ ஆடும் பெண்களுக்கான ஈஎஸ்எல் இம்பாக்ட் தொடர் 2022இல் தொடங்கியது. 2024இல் ரியாத்தில் நடந்த ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ பெண்கள் போட்டியைப் பிலிப்பைன்ஸின் ஓமேகா எம்பிரஸ் வென்றது.

இத்தொடர்கள் பெண்களை ஒதுக்கி வைக்கின்றன என்போர் உண்டு. ஆனால் அவை தருவது, பொதுத் தொடர்களின் குழுவாட்டம் மறுத்தவற்றையே: சம்பளம், பயிற்சியாளர், வசையற்ற பயிற்சி மோதல், மேடை அனுபவம். இணைய ஆட்டங்களை ஆராய்ந்த ஷென், ராட்டன் குழுவினர் 2016இல், ஆடும் நேரத்தைக் கணக்கில் கொண்டால் ஆண்களைப் போலவே பெண்களும் முன்னேறுகிறார்கள் என்று காட்டினர். அப்படியானால் இடைவெளிக்குக் காரணம் திறமைக் குறைவன்று, வாய்ப்புக் குறைவே.

தனி லீக்குகளின் பலவீனம் அவற்றின் பொருளாதாரம். ஈஎஸ்எல் இம்பாக்ட், செலவைத் தாங்க இயலாது என்ற காரணத்தால் 2025இல் எட்டாவது பருவத்தோடு நிறுத்தப்பட்டது. பார்வையாளர் வருவாயைவிட நிறுவனங்களின் ஆதரவையே நம்பியிருக்கும் வரை இத்தகைய லீக்குகள் நிலையற்றவை. அவற்றில் தேறியவர்களைப் பொதுத் தொடரின் அணிகள் பயிற்சிக்கும் தேர்வுக்கும் அழைக்கும்போதுதான் குழுவாட்டத்திலும் தனியாட்டத்தைப் போன்ற திறந்த வழி உருவாகும்.