கடாரம் முதலில் வந்தது

கி.பி. 1025. ராஜேந்திர சோழனின் கப்பற்படை வங்கக் கடலைத் தாண்டிப் போய் ஸ்ரீவிஜயத்தின் மேல் பாய்ந்தது. மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். கடாரம் விழுந்தது. இன்றைக்கு மலேசியாவில் கெடா என்று இருக்கிறதே, அதுதான். எந்தெந்த ஊர்களை அடித்தோம் என்று பட்டியல் போட்டு, தஞ்சாவூர் பெரிய கோயில் சுவரில் வெட்டியும் வைத்தார்கள். நமக்கெல்லாம் தெரிந்த கதை.

சரியாக 997 வருஷம் கழித்து, 2022 ஏப்ரலில், ராஜேந்திரன் மறுபடி கப்பல் ஏறினான். இந்த முறை கம்ப்யூட்டரில்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ராத்திரி ரெண்டு மணி வரை தூங்காமல் உட்கார்ந்து மரம் வெட்டி, தங்கம் தோண்டி, கோட்டை கட்டி, படை திரட்டி யாரையாவது அழித்துக்கொண்டிருந்தால் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இதன் இரண்டாம் பாகம் 1999ல் வந்தது. ரோமாபுரி விழுந்ததிலிருந்து அடுத்த ஆயிரத்துச் சொச்சம் வருஷம்தான் களம். மொத்தம் 13 நாகரிகங்கள். பிரிட்டன் உண்டு, பிராங்க் உண்டு, மங்கோல் உண்டு, ஜப்பான் உண்டு. இந்தியா? ம்ஹும்.

உடனே அமெரிக்கக்காரன் சதி என்று கொதிக்க வேண்டாம். மெக்சிகோவின் அஸ்டெக்கும் அதில் இல்லை. இந்த மாதிரி விளையாட்டுகளில் விட்டுப்போனதை எல்லாம் அப்புறம் கொண்டுவர ஓர் ஏற்பாடு உண்டு. எக்ஸ்பேன்ஷன் என்பார்கள். தீபாவளி மலரோடு இணைப்பு தருவார்கள் இல்லையா, அந்த மாதிரி. என்ன, இந்த இணைப்பு இலவசமில்லை.

2000த்தில் முதல் இணைப்பு வந்தது. அஸ்டெக், மாயா, ஹூணர், ஸ்பெயின், கொரியா. இதில் கொரியா கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்தது. கொரிய இளைஞர்கள் கம்ப்யூட்டர் விளையாட்டே கதி என்று கிடந்த காலம் அது. சந்தை இருக்கிற இடத்தில் சரித்திரமும் இருக்கும், புரிகிறதா?

அதற்கப்புறம் பதிமூன்று வருஷம் சத்தமே இல்லை. விளையாட்டை உருவாக்கிய ஸ்டுடியோவையே 2009ல் மூடிவிட்டார்கள். ஆனால் விளையாடுகிறவர்கள் விடவில்லை. இத்தாலி எங்கே, ஹங்கேரி எங்கே, இந்தியா எங்கே என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, சரி, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, பல தேசத்து ரசிகர்கள். அவர்கள் சொந்தமாகச் செய்த இணைப்புதான் 2013ல் முறைப்படி விற்பனைக்கே வந்தது. முதன்முதலாக இந்தியர்கள் உள்ளே வந்தது அப்படித்தான்.

வந்ததும் ஒரு தர்மசங்கடம். ‘இந்தியர்கள்’ என்று ஒரே பெயர். வீரர்கள் பேசுவது இந்தி. பெருமை ஒட்டகப்படை! ராஜஸ்தானத்துக்காரருக்குச் சந்தோஷம்தான். ஆனால் மனசில் சோழனை நினைத்துக்கொண்டு விளையாட உட்காருகிறவன் கதி? காவிரிக்கரையில் ஒட்டகம் மேய்க்கவேண்டியதுதான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2016ல் வந்த இணைப்பில் பர்மா, கெமர், வியட்நாமோடு மலாய் நாகரிகமும் வந்துவிட்டது. அதாவது, கடாரம் வந்துவிட்டது. கடாரம் கொண்டவனைக் காணோம்! அவன் வந்து சேர இன்னும் ஆறு வருஷம் ஆனது.

2022ல் ஒருவழியாக இந்தியாவை நாலாகப் பிரித்தார்கள். ஹிந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர். ராஜேந்திரனுக்கென்று தனியாக ஒரு படையெடுப்புக் கதை. திராவிட வீரர்கள் பேசுவது தமிழ். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் துள்ளியதில் ஆச்சரியமில்லை.

இனி கவனியுங்கள். இணைப்பு கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் ரெண்டு விஷயம் கேட்கிறார்கள். எங்கள் ஆட்கள் நிஜமாக எப்படி இருந்தார்களோ அப்படியே வரவேண்டும். அவர்கள் ஜெயிக்கவும் வேண்டும்.

இரண்டும் ஒத்துப்போகாத இடம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. குதிரை.

இந்த விளையாட்டில் திராவிடருக்கு உருப்படியான குதிரைப்படை கிடையாது. கவசம் போட்ட குதிரைவீரனே இல்லை. யானை இருக்கிறது, காலாட்படை இருக்கிறது, கப்பல் இருக்கிறது. குதிரை என்றால் ஏதோ பேருக்கு. இதென்ன ஓரவஞ்சனை என்று தோன்றும். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் விளையாட்டு செய்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

பதிமூன்றாம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டை எடுத்துக்கொள்வோம். பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவில் இருக்கும் கைஸ் தீவு வியாபாரி ஒருவரோடு ஒப்பந்தம். வருஷத்துக்கு 1,400 குதிரைகள் வரவேண்டும். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில், நடுக்கடலில் குதிரை செத்துப்போனாலும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் போய்விடும்! இன்னொரு காலத்தில் மற்ற துறைமுகங்களையும் சேர்த்து வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை வந்ததாகவும், அதற்கான விலை 22 லட்சம் தினார் என்றும் சொல்கிறார். கொஞ்சம் மிகை இருக்கலாம். பாதி என்று வைத்தாலும் தலை சுற்றுகிறது.

அப்படி வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? மார்க்கோபோலோ சொல்கிறார்: வருஷக் கடைசியில் பெரும்பாலானவை உயிரோடு இல்லை. லாடம் அடிக்க ஆளில்லை, வைத்தியம் பார்க்க ஆளில்லை. தின்னக் கொடுத்தது என்ன தெரியுமா? இறைச்சி சேர்த்து வேகவைத்த சோறு! நல்ல ஜாதிக் குதிரையைச் சேர்த்தாலும் இந்த மண்ணில் சப்பைக் குட்டிதான் பிறந்தது என்றும் எழுதுகிறார். தென்னாட்டு ராஜாக்கள் பொன்னைக் கப்பலில் ஏற்றி குதிரையாக இறக்கி, குதிரையைச் சாகக் கொடுத்துவிட்டு, மறுபடி பொன்னை ஏற்றினார்கள்.

ஆக, குதிரை இல்லாத திராவிடப்படை என்பது அவமானமில்லை, நிஜம். ஆனால் நிஜத்தை வைத்துக்கொண்டு மங்கோலியனை எப்படி ஜெயிப்பது? திராவிடர் சோனி என்று புகார் கிளம்பியது. அடுத்தடுத்த திருத்தங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலுகை கூட்டினார்கள். மருந்தகம் மாதிரி.

மருந்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது. யானைகளுக்குக் காயம் தானாக ஆறும்படி ‘மருத்துவப் படை’ என்றொரு வசதி இவர்களுக்கு உண்டு. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை பற்றிச் சொல்கிறது. ஆனால் அது வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும். யானைக்கு இல்லை! அப்புறம் அந்தச் சுருள்வாள் வீரர்கள். களரி ஆசான் ஒருவர் தனியாகச் சுழற்றினால் அழகு. வரிசை வரிசையாக ஒரு பட்டாளமே சுழற்றினால் எதிரியைவிடப் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் ஆபத்து.

அதெல்லாம் கிடக்கட்டும். திராவிடர் என்ற ஒரே மூட்டைக்குள் சோழர், பாண்டியர், ஹொய்சளர், காகதீயர் என்று ஜென்ம விரோதிகள் அத்தனை பேரும் கிடக்கிறார்கள். ‘இந்தியர்’ என்று கட்டியதைவிடச் சின்ன மூட்டை, அவ்வளவுதான். நாலை இன்னும் எட்டாக்கு என்று கேட்க ஆள் வராமலா போவார்கள்?

கேட்டதைக் கொடுத்தும் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். 2025 மே மாதம் ஓர் இணைப்பு வந்தது. சீனத்தின் வடக்கே பேரரசு நடத்திய ஜூர்ச்சென், கித்தான் இருவரையும் ரசிகர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கதை இல்லை. கதை முழுக்க வெய், ஷு, வூ என்ற மூன்று சீன அரசுகளுக்கு. அவை மூன்றாம் நூற்றாண்டு. ரோமாபுரியே இன்னும் விழவில்லை! தவிர, அவை தனித்தனி இனங்கள்கூட இல்லை, ஒரே தேசத்தின் மூன்று துண்டுகள். சீனாவில் மூன்று ராஜ்ஜியக் கதைக்கு நம் ஊர் மகாபாரதம் மாதிரி மவுசு. வியாபாரக் கணக்கு புரிகிறது. ரசிகர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ‘எங்களைச் சேர்’ என்றவர்கள் கதை. ஏன் சேர்த்தாய் என்று கேட்டவர்களும் உண்டு.

சிவிலைசேஷன் என்று இன்னொரு புகழ்பெற்ற விளையாட்டு. 2018ல் அதன் இணைப்பு ஒன்றில் கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களைச் சேர்த்தார்கள். தலைவராக பவுண்ட்மேக்கர். அபூர்வமான மனிதர் அவர். 1885ல் கட் நைஃப் என்ற இடத்தில் அவர் மக்கள் தூங்கிக்கொண்டிருந்த விடியற்காலையில் கனடா ராணுவம் வந்து தாக்கியது. க்ரீ வீரர்கள் திருப்பி அடிக்க, ராணுவம் பின்வாங்கியது. துரத்திப்போனால் மொத்தப் பேரையும் முடித்திருக்கலாம். பவுண்ட்மேக்கர் தடுத்துவிட்டார். பிறகு சமாதானம் பேசப் போனவரைப் பிடித்து ராஜதுரோகக் குற்றம் சுமத்திச் சிறையில் போட்டார்கள். உடம்பு கெட்டு வெளியே வந்தவர் அடுத்த வருஷமே இறந்துபோனார்.

நிலத்தைப் பிடி, விரிவாக்கு, அடுத்தவனை அழி என்று போகிற விளையாட்டில் இவரை உட்காரவைத்தால்? அவர் வழிவந்த சமூகத்தின் தலைவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். பிறரை வெல்வது என்பது எங்களை வென்றவர்களின் ஆசை, அதை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்பது அவர் வாதம்.

விளையாட்டு நிற்கவில்லை. பவுண்ட்மேக்கர் இன்னமும் அதில் இருக்கிறார். 2019 மே 23 அன்று கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அந்த மக்களின் ஊருக்கே நேரில் போனார். 134 வருஷத்துக்கு முந்தைய தீர்ப்பு தப்பு, பவுண்ட்மேக்கர் துரோகி அல்ல என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டார்.